என் மறதிக்கு ஒரு துஆ

இன்று பின்னேரம் பேசாலைக்கு வரும் பஸ்ஸில், எருக்கலம்பிட்டி பரீதா ராத்தா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

நான் மன்னாரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் உதவியாளர்; அவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். ராத்தாவின் காணி வழக்கு எங்களிடம்தான் இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேறொருவர் வேலி அடைத்திருந்த காணி அது.

வழக்குத் தோற்றதும் மேன்முறையீட்டுப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து சேரின் மேசையில் வைத்தேன். கையெழுத்துக்காக மூன்று தரம் நினைவூட்டினேன். அவர் கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். கடைசி நாள் கடந்தது. காணியும் போனது.

ராத்தா கந்தோருக்கு வந்து கேட்டபோது சேர் என்னைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளை திகதியை மறந்திட்டுது."

நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது நான் மட்டும்தான்.

இன்று பஸ்ஸில் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்கோ தங்கச்சி. வேணுமெண்டா செய்தனீங்கள்? இனி உங்களுக்கு மறதி வரக்கூடாதெண்டு துஆ கேட்டனான்."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா" என்றேன்.

"அது எப்பவோ மன்னிச்சிட்டன்" என்று சொல்லி, எருக்கலம்பிட்டிச் சந்தியில் இறங்கிப் போனார்.

அந்த மன்னிப்பு எனக்கு உரியதல்ல. அதை நாளைக் காலையில் கோப்பில் போட்டு சேரின் மேசையில் வைக்கவும் முடியாது.

வேலையில் சேர்த்தபோது தட்டச்சு, கோப்பு, தொலைபேசி என்றுதான் சொன்னார்கள். உதவியாளராக இருக்கிறவர்களே, உங்கள் கந்தோரில் இந்த நாலாவது வேலைக்கு என்ன பெயர்?