ஜவுளிக்கடையில் எடுத்த இங்கிலீஷ் வகுப்பு

வியட்நாமில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, ஆடு வாங்கி விற்கும் என் அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"ஏத்தா, வெளிநாட்டுக்காரனுக்கே இங்கிலீசு தெரியலைன்னா பெறகு அது என்ன வெளிநாடு?"

அம்மா அவ்வளவு தூரம் போகவில்லை. "அங்க சோறு கெடைக்குமா?" என்று கேட்டாள். மூன்று வேளையும் சோறுதானாம் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கிடைக்காது என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு காரணத்தை வைத்தே என்னைப் பக்கத்து ஊரான நரிக்குடியைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பாடம் நடத்துவது அந்த வேலையில் சின்னப் பகுதி. பெரிய பகுதி, மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளைய எங்க ஸ்கூல்ல சேத்துவிடுங்க" என்று கெஞ்சுவது. போன மே மாதம் காரியாபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பள்ளி விளம்பரத் தாளையெல்லாம் அதன் மேல் எறிந்துவிட்டு ஓடிவந்து பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்கினேன். அந்த இடத்தில் நின்றுதான் போனை எடுத்து வெளிநாட்டு வேலை தேட ஆரம்பித்தேன்.

இரண்டு தேர்வுகளைத் தாண்டினேன். கடைசியாக வீடியோ காலில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். எதிரே குறைந்தது மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், எந்த வயதானாலும் சரி என்றார்கள். அதுவோ வேலை நாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். நானே காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டிருந்தேன். எங்கள் ஊரில் போன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல்தான் ஏற வேண்டும். அதனால் திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்டேன். பல வருஷம் சவூதியில் இருந்து திரும்பியவர். கடையில் நல்ல வைஃபை உண்டு.

"வா தாயி, நம்ம கடையில இல்லாத கலரா? அதையே பாடமா நடத்து" என்றார் பாய்.

ஆக, மாணவர்கள்: பாய், கடையில் துணி எடுத்துப் போடும் அக்கா, துணைக்கு என்று வந்து நைட்டிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்த என் அம்மா.

திரையில் வந்த வியட்நாம் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். நான் ஒரு நைட்டியைத் தூக்கிப் பிடித்து, "வாட் கலர் இஸ் திஸ்?" என்றேன்.

"புளூ!" என்றார் அக்கா, வெட்கப்பட்டுக்கொண்டே.

"நோ புளூ, நேவி புளூ. பெஸ்ட் குவாலிட்டி, மை ஃப்ரெண்ட்" என்றார் பாய். அது என்னிடம் சொன்னதல்ல, திரையைப் பார்த்துச் சொன்னது. நடுவில் ஒரு அம்மாள் கடைக்குள் வந்து, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த அந்த நைட்டிதான் வேண்டுமென்றார். பாய் அதை என் கையிலிருந்து உருவி, மடித்துக் கொடுத்துவிட்டு, "கண்டினியூ, டீச்சர்" என்றார்.

வியட்நாம் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை போச்சு என்று நினைத்தேன். அப்போது அவளே என் அம்மாவைப் பார்த்து, உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "என்ன கேக்குறா? அது கெடக்கட்டும். எம்மகளுக்கு எப்ப லீவு விடுவாகன்னு கேளு."

"ஷி லைக்ஸ் கிரீன்" என்றேன் நான்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "நோ மேடம்! ஷி நோ டெல் கிரீன். ஷி ஆஸ்கிங் ஹாலிடே. டாட்டர் வென் கம் ஹோம்?"

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்தே மெதுவாகப் பதில் சொன்னாள். அவர்கள் புதுவருஷத்துக்கு நல்ல லீவு உண்டு, அது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், அப்போது மகள் வீட்டுக்கு வரலாம் என்று. இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பாய் பக்கத்திலேயே நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு விடமாட்டாகளா?" என்றாள் அம்மா.

"பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல வந்துருவா அக்கா" என்றார் பாய். கம்பெனி அவருடையது போல.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டதை மாற்றிச் சொன்னதற்கு அம்மா திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"போன்ல பேசுன அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியலம்மா."

"கழுத்துல ஒண்ணையும் காணோம். ஆனா மொகத்த பாத்துப் பேசுறா."

அடுத்த வாரம் வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. துள்ளிக் குதிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வியட்நாம் எவ்வளவு தூரம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். சென்னையைத் தாண்டி நான் போனதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

மதுரைக்குப் போய்ப் பெட்டி வாங்கினோம். இருப்பதிலேயே பெரிய பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்தான். திரும்பும்போது பஸ்ஸில் அதை ஏற்ற முடியாமல் ஏற்றி வழியை அடைத்துக்கொண்டு நின்றோம்.

"இது எங்கக்கா போகுது?" என்றார் கண்டக்டர்.

"வியட்நாமுக்கு. எம்மக போறா, இங்கிலீசு சொல்லிக்குடுக்க" என்றாள் அம்மா, கடைசி சீட்டு வரை கேட்கும்படி.

"இந்த பஸ்ஸு அங்க நிக்காதே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அம்மாதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.