முட்டுப் பிரிக்கும் நாள்

அவளுக்குச் சுமக்கத்தான் தெரியும் என்று சொந்தபந்தம் எல்லாம் முடிவு கட்டியிருந்தது. புருஷன் சென்ட்ரிங் வேலைக்காரர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து, அது இறுகும்வரை தாங்க அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. அந்தப் பலகைகளையும் இரும்புத் தகடுகளையும் மாடிக்கு ஏற்றுவது அவள் வேலை. வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர்க் குடமோ, அரிசி மூட்டையோ, கேஸ் சிலிண்டரோ, கனமாக எது வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பிரசவத்துக்கு வயிற்றைக் கிழித்த இடத்தில் சதை விட்டுப்போய், குடல் தோலுக்கடியில் புடைத்துக்கொண்டு வந்தது. முதல் ஆபரேஷனில் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தார்கள். அதில் சீழ் பிடித்து, வலையையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புண் ஆறியதும் ஆறாததுமாகத் தகடு தூக்கப் போனாள். வயிறு முன்னைவிடப் பெரிதாகச் சரிந்தது. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நடமாடினாள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்து, எத்தனை மாசம் என்று கேட்டால், "பத்து வருஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

இந்த முறை டாக்டரம்மா வேறு வலை வைக்கலாம் என்றார். சீழ் பிடித்த வயிற்றில் மறுபடி பிளாஸ்டிக் வைத்தால் கிருமி அதிலேயே குடியேறிவிடக்கூடும். இந்தப் புது வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்; கரைய ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் அவளுடைய சதையே கூடிக் கெட்டிப்பட வேண்டும். திரும்ப வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார்.

நாத்தனார் விடவில்லை. "கரைஞ்சு போறத வயித்துக்குள்ள வைக்கறதா? அதென்ன சர்க்கரையா?"

புருஷனும் தங்கை பக்கம் சாய்ந்தார். நிலைத்து நிற்கிறதைக் கேள், இல்லையென்றால் ஆபரேஷனே வேண்டாம், இருக்கிறபடியே இருந்துவிடு என்றார். இருக்கிறபடியே இருந்தால் யாருக்கு வசதி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அன்று திறந்தாள்.

"வயிறு என்னோடது. படுக்கப் போறதும் நான்தான்."

படுத்தாள். எழுந்தும் வந்தாள். தான் சொல்லும்வரை கனம் எதையும் தொடக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தையல் பிரித்த கொஞ்ச நாளிலேயே சிலிண்டர் வந்து வாசலில் நின்றது. நாத்தனார் அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். புருஷன் கட்டிலில் படுத்தபடியே, "புண்ணுதான் ஆறிடுச்சே, மெல்ல உருட்டிட்டு வந்துடேன்" என்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. தகடு தூக்கப் போன அந்தப் பழைய நாள் கண்முன் வந்துபோனது. இன்னொரு தடவை வயிற்றைத் திறக்க உடம்பில் எங்கே இடம் இருக்கிறது?

"டைல்ஸ் போடணும், முட்டெல்லாம் சீக்கிரம் பிரிங்கன்னு வீட்டுக்காரங்க வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உங்க அவசரத்துக்கு உள்ள இறுகாதுன்னு சொல்லுவீங்கல்ல? எனக்கும் உள்ள முட்டு நிக்குது. அது தானா போற வரைக்கும் யாரும் அவசரப்படுத்தாதீங்க."

நாத்தனார் ஏதோ முணுமுணுத்தாள். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். முதல் இழுப்பிலேயே மூச்சு வாங்கியது.

"மெதுவா" என்றாள், காலை நீட்டி உட்கார்ந்தபடி. "கதவுல இடிச்சிடாதீங்க."