அம்மா சொல்லாமல் போய்வந்த இடம்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தெரிந்ததைவிடத் தெரியாததே முன்னால் வந்து நிற்கிறது.

பூந்தமல்லியில் பிறந்து, திருமணமாகி அம்பத்தூருக்கு வந்தவர். அப்பா இளவயதிலேயே போய்விட, தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். வேலை, ரேஷன் கடை, சர்ச் தவிர அவர் வேறெங்கும் தனியாகப் போனதாக நினைவில்லை. போகும் இடத்தைச் சொல்லாமல் செருப்பு மாட்டமாட்டார்.

கடைசிக் காலத்தில் அயனம்பாக்கத்தில் தம்பி வீட்டில் இருந்தார். சர்க்கரை, பிரஷர், பலவீனமான இதயம். குளியலறையில் மயங்கி விழுந்த பிறகு நாங்கள் அவரைத் தனியாக வாசல் தாண்ட விடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, அம்மாவைச் சோதித்துவிட்டு, "உடம்பு கொஞ்சம் தேறினா என்ன செய்யணும்னு ஆசைம்மா?" என்று கேட்டார்.

"யாராண்டயும் சொல்லாம, நான் மட்டும் ஒருவாட்டி வெளிய போய்ட்டு வரணும்."

"எங்கம்மா?" என்றேன்.

"சொல்லிட்டா அப்புறம் இன்னாடி கீது அதுல?"

தம்பி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "மறுபடி விழலாம்மா. ஆனா அந்த அபாயத்தைக் குறைக்கலாம்" என்றார். மயக்கம் தந்த மாத்திரையை மாற்றினார். நர்ஸம்மா கைத்தடியோடு படியேறி இறங்கப் பழக்கினார்.

"வைத்தியம் பாக்கச் சொன்னா ஊர் சுத்த அனுப்புறாங்களே!" என்றான் தம்பி. எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஒரு காலை அம்மா கிளம்பினார். பின்னால் வரக்கூடாது என்பது அவர் கட்டளை. ஜன்னலில் நின்று, அவர் பஸ் ஏறுவதைப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்துதான் திரும்பினார்.

"எங்கம்மா போன?"

"பசிக்குதுடி, சோத்தப் போடு."

அன்று இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகும் சில முறை போய்வந்தார். மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், வீட்டில் நாற்காலியில் இருந்தபடியே அவர் இதயம் நின்றது.

வெளியே விடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரா? டாக்டரிடமே கேட்டேன். "தெரியலைங்க" என்றார். அது ஆறுதலா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும், அடக்கம்வரை உடன் நின்ற சபையாருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அம்மாவின் முகத்தை ஒரு பஸ்ஸிலோ கடையிலோ பார்த்து, இடம் கொடுத்தோ பேசியோ இருந்தால், உங்களுக்கும் நன்றி. 'எங்கே என்று எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.