தூசியில்லா அறையின் திறப்பு விழா

சங்ககிரிக்குப் பக்கத்துக் கேபிள் ஆலையில் கௌசியாவுக்கு ஒன்பது வருஷமாக ஒரே வேலை: கம்பிமேல் உருக்கிப் பூசும் பிளாஸ்டிக்கில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டதும், "இத்தனை காலம் நான் சும்மாவே செஞ்சிருக்கேனே" என்று மாமியார் வருந்தினார்.

பிளாஸ்டிக்கை இயந்திரத்தில் கொட்டும் இடத்தில் தூசி நுழையக்கூடாதென்று கண்ணாடி அறை கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு எண்பது பேர் உள்ளே போனார்கள். மேலாளர் சுவாமிநாதனுக்கு ஜரிகைப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அறையை வாழ்த்திவிட்டு வந்தார்கள். மறுநாளே இயந்திரம் ஓடியது.

அதில் வந்த முதல் கேபிள் சோதனை மின்னழுத்தத்தில் பட்டென்று வெடித்தது.

"தரை கூட்டறாளே மாரி, அவ சரியில்ல. அறிக்கையில அப்படியே எழுதுங்க, அவளை அனுப்பிடலாம்" என்றார் சுவாமிநாதன் கௌசியாவிடம்.

வாசலில் நின்ற மாரி விடவில்லை. "ஏனுங்க, விழா அன்னைக்கு என்னைய உள்ளயே உடலீங்களே. உடாத ஊட்டுக்குள்ள எப்படிங்க குப்பை போடுவேன்?"

கௌசியா, வெடித்த துளைக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு தங்க நிறத் துணுக்கு. மின்சாரத்துக்குக் கூர்முனை கிடைத்தால் போதும், அழுத்தமெல்லாம் அங்கே போய்க் குவியும். அந்த முனையிலிருந்து இலையுதிர்ந்த மரம்போலக் கரிக்கோடுகள் கிளைவிட்டிருந்தன.

"பாருங்க சார்."

பார்த்தவர் தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அன்னியப் பொருள்னு பொதுவா எழுதிடுங்களேன்."

"பொதுவா எழுதினா மாரிதான் சார் போகணும்."

'பொன்னாடை ஜரிகை. விழா நாளில் வந்தது. துப்புரவுப் பணியாளருக்கு அன்று அனுமதியில்லை' என்று எழுதித் தன் கையெழுத்தை மட்டும் போட்டு முதலாளிக்கு அனுப்பினாள்.

முதலாளி ஒருவரையும் நீக்கவில்லை. தூசித் தடுப்புக் குழு அமைத்தார். தலைவர் சுவாமிநாதன். கண்ணாடிக் கதவுக்குக் காவல் மாரி.

தலைவரானதற்குத் தொழிற்சங்கத்தார் போட்ட சாமந்தி மாலையோடு முதல் ஆய்வுக்கு வந்தார் சுவாமிநாதன். மாரி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"மாலையக் கழட்டிட்டு வாங்க சாமி."