அம்மா மறுபேச்சில்லாமல் அனுப்பிய ஏலகிரி

ஏலகிரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, "போய்ட்டு வா" என்றாள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. பூந்தமல்லிக்குத் துணி எடுக்கப் போனாலே யாரோடு, எதற்கு, எப்போது வருவாய் என்று கேட் வரைக்கும் வந்து குடைகிறவள் அவள். இந்த முறை ஒரு கேள்வி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து மூன்று பேருக்கும் புளிசாதம் கிளறி, வடகம் பொரித்துத் தனியாகக் கட்டியும் கொடுத்தாள்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். அம்பத்தூரில் நான் தைக்கிற துணி கம்பெனியில் எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று மெஷினில் உட்காருகிறவர்கள். ஒருத்தி மூத்தவள், கல்யாணமானவள், அக்கா என்று கூப்பிடுவேன். இன்னொருத்தி ஆவடிப் பெண், சின்னவள், காய்ச்சல் அடித்தாலும் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதவள். அவளே பூசையை விட்டுவிட்டு மலைக்கு வருகிறாள் என்றால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அக்கா என் தலையைப் பிடித்துத் திருப்பி மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். சரி, இன்றைக்கு என்னை யாருக்கோ காட்டப் போகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன்.

காரணமில்லாமல் சந்தேகப்படவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணிடம் சொல்லாமலே அவளை ஒரு பொது இடத்துக்கு அழைத்துப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்ததுபோல் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லையாம். போன வருடம் வேண்டுதல் என்று சொல்லி அம்மா என்னை மாங்காட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். பிரகாரத்தில் ஒரு குடும்பமே என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பதிலே வரவில்லை. இனி எவன் முன்னாலும் போய் நிற்க மாட்டேன் என்று வீட்டில் கத்தினேன். மறுநாள் மெஷினில் தலை கவிழ்ந்து அழுதபோது இந்த இரண்டு பேரிடம்தான் சொன்னேன். இவர்களும் அம்மாவோடு கூட்டுச் சேர்ந்துவிட்டால் நம்பி வெளியே போக எனக்கு ஆளே கிடையாது. அந்தப் பயத்தோடுதான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஜன்னலுக்காகச் சின்னப் பிள்ளை மாதிரி சண்டை போடுகிறவள்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஜன்னலு எனக்கா?"

"ஒக்காருடி. காத்து வாங்கிகினு வா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மலையடிவாரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவள் கீழே பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். நானோ எந்தக் கார் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு குடும்பம் எங்களையே பார்த்தபடி வந்தது. வயதான இரண்டு பேர், நீலச் சட்டையில் ஒருவன். வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிசம்மா..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"எனக்கு இஷ்டமில்லீங்க. யார் சொல்லி வந்தீங்களோ அவங்களாண்டயே கேளுங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போய் கையிலிருந்த போனைக் காட்டினார். எல்லாரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துத் தர வேண்டுமாம். நீலச் சட்டைக்காரனின் மனைவி பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். சின்னவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். "இன்னாக்கா ஆச்சு உனுக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்கப் போனை எடுத்தேன். சித்தி புது ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். கொரட்டூரில் எங்கள் வீட்டு முன்னறை. வாடகை நாற்காலிகளில் முன்பின் தெரியாத மனிதர்கள். நடுவில் தட்டோடு என் தங்கை, என் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில். எதையும் ஸ்டேட்டஸில் போடாமல் சித்தியால் இருக்க முடியாது. எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டுப் போட வேண்டும் என்பதை மறந்துவிட்டாள் போல.

என்னைக் காட்டுவதற்காக இல்லை, கண்ணில் படாமல் இருப்பதற்காகத்தான் மலையேற்றியிருக்கிறார்கள். மூத்தவள் நான் வீட்டில் இருந்தால், எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வந்தவர்கள் கேட்பார்களே.

போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"உங்கம்மாதான் போன் பண்ணாங்க. நான் முடியாதுன்னா உன்னிய எங்கனா தனியா அனுப்பிடுவாங்க. எங்ககூடன்னா சந்தோசமா இருப்பியேன்னுதான்... இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கெஞ்சி இட்டுகினு வந்தேன்."

சின்னவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே இறங்கும் பஸ்ஸில் அக்கா என் கையை விடவே இல்லை. "இனிமே உனுக்குத் தெரியாம ஒண்ணும் செய்யமாட்டேன், என் புள்ள மேல சத்தியம்" என்றாள். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்தச் சத்தியத்தை நம்பினேன். அன்றைக்கு நம்புவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை என்னைப் பார்த்ததும் அறைக்குள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

"பையன் ஊட்ல புடிச்சிருச்சு. நீ இருந்து அவங்க எதனா கேட்டா உன் மனசுதான் கஷ்டப்படும். அதாண்டி" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நிச்சயத்துக்கு இன்னும் நெறைய பேரு வருவாங்க. நீங்க மூணு பேரும் கொடைக்கானல் பார்த்ததில்லல்ல? தங்கிட்டே வாங்களேன்" என்றாள்.

எனக்கு நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

"அக்கா வரமாட்டாங்கம்மா" என்றேன்.

"வராளாம். இப்பத்தான் போன் போட்டேன். உன்னாண்ட நான் சொல்லவேணாம், அவளே மெதுவா பேசிக்கிறாளாம்."