துடைப்பம் தொடாத அறை

பாக்தாதில் எங்கள் தெருவிலேயே உம் ரஃபலைப் போல வீடு பெருக்குகிறவள் கிடையாது. உம் ரஃபல் என்றால் ரஃபலின் அம்மா; எங்கள் ஊரில் பிள்ளை பேரைச் சொல்லித்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவோம். புழுதிக்காற்று அடித்து ஓய்வதற்குள் துடைப்பத்தோடு நிற்பாள். "தூசிக்கும் உனக்கும் அப்படி என்னடி பரம்பரைப் பகை?" என்று எதிர்வீட்டுக்காரியான நான் கேட்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவளும் ஒரே ஒரு சமயத்தில் துடைப்பத்தைத் தொட மாட்டாள். வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால் நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று காருக்குப் பின்னால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோம். போனவர் போன ஊரில் இறங்கும்வரை வீட்டைப் பெருக்க மாட்டோம். பெருக்கினால் திரும்பி வரும் வழியும் குப்பையோடு போய்விடும்.

அவளுடைய ஒரே மகள் ரஃபல் கல்யாணமாகி ஆக்லாந்துக்குக் கிளம்பினாள். ரஃபலின் அப்பா, அதாவது அபு ரஃபல், கைப்பேசியில் தேடிப் பார்த்து, "பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல. பத்தொம்பது மணி நேரத்துல இறங்கிடுவா" என்றார், ஏதோ தானே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. அது எங்கும் நிற்காமல் நேராகப் பறந்தால் ஆகும் கணக்கு. அப்படி ஒரு விமானமே கிடையாது என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கணக்கை நம்பி உம் ரஃபல் வீடு முழுக்கப் பெருக்கி முடித்த நேரம் ரஃபல் கூப்பிட்டாள். "அம்மா, இன்னும் தோஹாவுலதான் உக்காந்திருக்கேன். அடுத்த விமானம் தாமதமாம்."

நான் போனபோது உம் ரஃபல் குப்பைத்தொட்டியிலிருந்து தூசியை அள்ளி அள்ளித் தரையில் தூவிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஒன்பது வருடம் ரஃபல் வரவில்லை. ஒரு வருடம் பிரசவம், ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் இங்கே நிலைமை சரியில்லை.

"நாந்தாங்க்கா அவளப் பெருக்கித் தள்ளிட்டேன்" என்பாள் உம் ரஃபல்.

"துடைப்பத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா என் மாமியாரை எப்பவோ அனுப்பியிருப்பேனே!" என்று கத்துவேன். அவளுக்குச் சிரிப்பு வராது.

இந்த வசந்தத்தில் ஒருவழியாக ரஃபல் வந்தாள், பிள்ளையோடு. தினமும் திராட்சை இலையில் சோறு பொதிந்த தோல்மா, தினமும் விருந்தாளிகள். கண்மூடித் திறப்பதற்குள் கிளம்பியும் விட்டாள். இந்தத் தடவை காத்திருக்கும் நேரத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு, தூசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் உம் ரஃபல். நானும் துணைக்கு உட்கார்ந்தேன்.

ரஃபல் கூப்பிட்டாள். "வீட்டுக்கு வந்தாச்சும்மா, அப்பாடா! இப்ப நீ தாராளமா பெருக்கு."

"சரிடா கண்ணு" என்று சிரித்தபடி பேசிவிட்டு வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"வீட்டுக்கு வந்தாச்சாம்க்கா. இங்க வந்து இறங்கினப்ப, 'பாக்தாத் வந்துட்டேன்'னுதானே சொன்னா?"



எழுந்து கூடத்தைப் பெருக்கினாள், அடுப்படியைப் பெருக்கினாள். ரஃபலின் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"அதை ஏன்டி விட்டுட்ட? அவதான் இறங்கிட்டாளே?"

"இப்ப போனவ இறங்கிட்டாக்கா. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ரூம்லேருந்து போன எம்பொண்ணு இன்னும் எங்கேயும் இறங்கலையே."