பெயர் தெரியாத ஆரஞ்சுப் புள்ளிகள்

எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சேரப்பணஞ்சேரியில் கழனி வேலை செய்யும் கன்னியம்மாள், காலில் ஆறாத புண்ணோடு வந்தார். சீழை எடுத்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தடவி வளர்த்தேன். சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் முளைத்தன. எனக்குத் தெரிந்த எந்தக் கிருமியும் அப்படி இருக்காது. காற்றில் வந்து விழுந்த அழுக்கு என்று முடிவுகட்டித் தட்டை எறிந்துவிட்டு, 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். வீக்கம் முழங்காலைத் தொட்டிருந்தது. மறுபடி வளர்த்தேன். அதே ஆரஞ்சுப் புள்ளிகள்! முடிவு கேட்க வந்தவரிடம் தட்டைக் காட்டினேன்.

"போன தபாவும் இதான் வந்துச்சா சார்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாம்மா. அழுக்குன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. குனிந்து தட்டையே பார்த்தார். "இதும் பேரு இன்னா?"

"தெரியலம்மா."

"என் காலுல குந்திக்கினு கீது, பேரு தெரிய வாணாமா? கண்டுபுடி சார்."

எந்த மருந்துக்கு அது சாகிறது என்று முதலில் பார்த்துச் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றினார், புண் ஆறியது. எனக்குத்தான் ஆறவில்லை. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, கிருமியோடு சென்னையில் இருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரும் இதுவரை வகைப்படுத்தாத புது இனமாம்!

எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. 'தெரியவில்லை' என்று முதல்முறையே எழுத வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு விலையாக அவர் தன் காலையே கொடுக்க வேண்டி வந்திருக்கும்.